ஆறாத புண்ணுக்கு ஹார்மோன் கிரீம் பூசலாமா?



சில மாதங்களாக நம் மருத்துவ முகாமுக்கு வரும் சகோதரிகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் புண்ணில் பூசினால் சீக்கிரம் ஆறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, அது உண்மைதானா என்கிறார்கள். ஒரு சகோதரி கேட்பதற்கு முன்பே செய்தும் பார்த்துவிட்டார். தனக்கு வேறு காரணத்துக்காகக் கொடுத்த கிரீமில் மீதி இருந்ததை, மாமியாரின் உள்ளங்காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு இரண்டு வாரம் பூசியிருக்கிறார். புண் ஆறவில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஆழமாகிவிட்டது.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் 'நம்பாதீர்கள்' என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் கால்களைக் காப்பாற்றும். அதனால் இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தோலுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் என்ன தொடர்பு?

ஈஸ்ட்ரோஜன் என்றதும் மாதவிடாய், கர்ப்பம், கருப்பை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நம் தோலில் உள்ள செல்களிலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. தோலின் ஈரப்பதம், தடிமன், இரத்த ஓட்டம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமானது கொலாஜன்.

கொலாஜன் என்ன என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்குவது எளிது. குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது. பல்லாவரத்திலும் பம்மலிலும் தோல் ஷாப்களில் வேலை பார்த்த பெரியவர்கள் நம் ஜமாஅத்துகளில் இன்றும் இருக்கிறார்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியையும் சதையையும் நீக்கியபின் கையில் மிஞ்சும் உறுதியான நார்ப்பகுதி இருக்கிறதே, அதுதான் பெரும்பாலும் கொலாஜன். நம் உடம்புத் தோலும் அதே நாரால் பின்னப்பட்டதுதான். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, தோலுக்கு அது அப்படி.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைகிறது. அதன்பின் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தோலில் உள்ள கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலை நாடுகளில் 50, 51 வயதில் மாதவிடாய் நிற்கிறது என்றால், நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் முன்பே. 'அம்மாவுக்கு முன்னெல்லாம் கை வெட்டினால் மூன்று நாளில் காய்ந்துவிடும், இப்போது பத்து நாள் ஆகிறது' என்று பிள்ளைகள் சொல்வதற்கு வயது ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

வயதான ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கிறது. எழுபது வயது அத்தாவின் இரத்தத்தில், அதே வயது அம்மாவின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிக ஈஸ்ட்ரோஜன் இருப்பது சாதாரணம்.

புண் எப்படி ஆறுகிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் முதலில் செய்தது என்ன? சேற்றையும் குப்பையையும் வாரி வெளியே கொட்டினோம். பிறகுதான் சுவர் பூச்சு, தரை, பெயின்ட் எல்லாம்.

உடம்பும் இதையே செய்கிறது. காயம் பட்டதும் இரத்தம் உறைகிறது. அடுத்து வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமிகளையும் செத்த சதையையும் அகற்றுகின்றன. அந்த நேரத்தில்தான் சிவப்பும் வீக்கமும் வலியும். அந்த வேலை முடிந்து அவை கிளம்பியதும் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, சிவந்த புதுச்சதை மேலேறி, கொலாஜன் பின்னப்பட்டு, ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடுகிறது.

வயதானவர்களின் புண்ணில் சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான். சேறு வார வந்த ஆட்கள் வேலை முடிந்தபிறகும் போகாமல், கையில் இருக்கும் கடப்பாரையால் நல்ல சுவரையும் இடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிக் கூடி, அவை சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, புதுச்சதைக்கு அடித்தளமாக இருக்க வேண்டிய புரதத்தையே அரித்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கூடவே, கொலாஜன் பின்னச் சொல்லி உத்தரவிடும் இன்னொரு வேதிப்பொருளையும் கூட்டுகிறது.

இதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பணியாற்றிய டாக்டர் ஜில்லியன் ஆஷ்கிராஃப்ட் குழுவினருக்கு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் புண் மெதுவாக ஆறுவதையும், ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு அந்தத் தாமதம் இல்லாததையும் 1997-இல் அவர்கள் வெளியிட்டார்கள். 1999-இல் அடுத்த படி. ஆரோக்கியமான முதியவர்களின் கையில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப் பட்டையை ஒட்டி, பிறகு அந்த இடத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் சீக்கிரம் ஆறியது. 2002-இல் லான்செட் இதழில் வந்த வேறொரு ஆய்வு, இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களிடம் இருந்த பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த முதிய பெண்களுக்குப் படுக்கைப் புண்ணும், இரத்தம் தேங்குவதால் வரும் கால் புண்ணும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்திருந்தன.

ஆக, வாட்ஸ்அப் செய்தியின் உண்மைப் பாதி இதுதான்.

பிறகு ஏன் பூசக்கூடாது என்கிறோம்?

அந்த 1999 ஆய்வை மறுபடி பாருங்கள். ஆரோக்கியமானவர்கள், கையில், சுத்தமான கருவியால், மருத்துவரே ஏற்படுத்திய சின்னஞ்சிறு காயம். நம் வீட்டு நன்னியின் காலில் இருப்பதோ பத்து வருடச் சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம், குறுகிப்போன இரத்தக் குழாய், உள்ளே கிருமி, மேலே உடம்பின் முழு எடை. இரண்டையும் 'புண்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோமே தவிர, இரண்டும் ஒன்றல்ல. இரத்தமே போய்ச் சேராத விரலுக்கு எந்தக் கிரீமும் உதவாது. உள்ளே சீழ் இருக்கும்போது மேலே கிரீம் பூசி மூடினால், சீழ் எலும்பைத் தேடிப் போகும்.

அடுத்தது, ஈஸ்ட்ரோஜன் பூசிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் வேலை செய்வதே, மருந்து தோல் வழியாக இரத்தத்துக்குப் போவதால்தான். தோலே இல்லாத திறந்த புண்ணில் தடவினால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களைக் கொண்டு நடந்த மிகப் பெரிய ஹார்மோன் ஆய்வின் ஒரு பகுதியை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை கூடியதே காரணம். அது மாத்திரை, இது கிரீம் என்ற வேறுபாடு உண்மைதான். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடத்தில், சொன்ன காலத்துக்குப் பூசும் சகோதரிகள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், மாதவிடாய் நின்றபின் திரும்ப இரத்தப்போக்கு கண்டவர்கள் ஆகியோருக்கு மருத்துவரே மிகவும் யோசித்துத்தான் எழுதுவார். அந்த டியூபை மாமியாருக்கோ, மாமனாருக்கோ பகிர்ந்துகொள்வது சரியல்ல.

ஈஸ்ட்ரோஜன் கிரீமின் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்பில் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் என்றுதான் இருக்கும். திறந்த புண்ணுக்கென்று தயாரிக்கப்பட்ட மருந்து அல்ல அது.

இதைவிட நமக்குக் கவலை தருவது வேறொன்று. 'ஹார்மோன் கிரீம்' என்று மருந்துக் கடையில் வாய்வழியாகக் கேட்டால், கையில் கிடைப்பது ஸ்டீராய்டு கிரீமாக இருக்கலாம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. படைக்கும் அரிப்புக்கும் முகம் வெளுக்கவும் என்று நம் வீடுகளில் அது ஏற்கெனவே தேவைக்கு மேல் புழங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் தோலைத் தடிக்க வைத்தால், ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதிலும் கொடுமை என்னவென்றால், சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிவிடுவதால் இரண்டு நாள் புண் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இந்த வகைக் கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விதி இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது.

ஹலால் பற்றியும் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 'கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன்' என்று பெயர் போட்டிருக்கும் மருந்து கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. எஸ்ட்ரியால், எஸ்ட்ராடியால் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் தாவரப் பொருளிலிருந்து தயாராகின்றன. எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு, மாற்று உண்டா என்றும் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்பதே முறை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜனைக் கொண்டு புண்ணை மூடும் கட்டுப் பொருள்களைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. கடையில் விற்கும் கொலாஜன் பொருள்கள் மாடு, மீன், பன்றி என்று வெவ்வேறு மூலத்திலிருந்து வருபவை. அட்டையைப் பார்த்து வாங்கலாம்.

வேலூரில் ஆறிய புண்கள்

ஆறாத காலை ஆற்றுவது பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களைக் கவனித்தார். அவர்களின் சதையே கெட்டது, அதனால்தான் புண் ஆறுவதில்லை என்று அதுவரை மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை பிராண்ட் கண்டார். காலோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போட்டு, புண்ணின் மேல் எடை விழாமல் செய்ததும், மாதக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. பிறகு வேலூரிலும் காரிகிரியிலும் மைக்ரோசெல்லுலர் ரப்பரில் மெத்தென்ற செருப்புகள் செய்தார்கள். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பது அதன் வழி வந்ததுதான்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று, சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி அமைப்பு முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் சொன்னது. நம் முகாமில் காலைக் காட்ட வரும் பெண்களில் பலரும் அன்றைக்கும் நின்றுகொண்டே சமைத்துவிட்டு வந்தவர்கள். 'வலிக்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்' என்பார்கள். வலிக்காததுதான் ஆபத்து. விலை உயர்ந்த களிம்பு வாங்கித் தரத் தயாராக இருக்கும் பிள்ளைகள், ஆறு வாரம் அம்மாவை அடுப்படியில் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டால் அதைவிடப் பெரிய மருந்து வேறில்லை. ஆண்கள் ஒரு மாதம் சோறு வடித்தால் குறைந்துபோக மாட்டார்கள்.

ஒளு, செருப்பு, உம்ரா

ஐந்து வேளையும் கால் கழுவுவது நமக்குப் பெரிய வாய்ப்பு. வேறு யாரும் தம் பாதத்தை ஒரு நாளில் இத்தனை முறை தொடுவதில்லை. ஒவ்வொரு ஒளுவிலும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு நொடி பாருங்கள். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கழுவியபின் விரல் இடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துவது அவசியம். ஈரம் நின்றால் சேற்றுப்புண், அதன் வெடிப்பில் கிருமி. புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தால் அதை ஒவ்வொரு வேளையும் அவிழ்த்து நனைக்க வேண்டியதில்லை. கட்டின் மேல் மஸஹ் செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. விவரம் மத்ஹபுக்கு மத்ஹப் சற்று மாறும், இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்துத் தரை கொதிக்கும். கால் மரத்தவர்களுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். உம்ராவுக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வெறுங்காலில் தவாஃபும் சஃயும் செய்து, புண்ணோடு ஊர் திரும்புகிறார்கள். பெண்கள் இஹ்ராமில் காலுறையும் காலணியும் அணியலாம். ஆண்கள் கணுக்காலை மூடாத மெத்தென்ற செருப்பு அணியலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பாதத்தைக் காட்டிவிடுங்கள்.

மரத்த காலை வெந்நீரில் வைப்பது, ஹாட் வாட்டர் பேக் ஒத்தடம், கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப், பிளேடால் காய்ப்பைச் சீவுவது, புண்ணில் காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் அப்புவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரத்துணியை உடனே மாற்றுவதும், முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கொடுப்பதும்தான் படுக்கைப் புண்ணுக்குக் காவல். இடுப்பின் பின்புறமோ குதிகாலோ சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது புண்ணின் ஆரம்பம்.

மறைக்க வேண்டாம்

நம் சமூகத்தில் பெண்களின் புண் ஆண்களின் புண்ணைவிடத் தாமதமாக மருத்துவரிடம் வருகிறது என்பது எங்கள் அனுபவம். 'ஆண் டாக்டரிடம் எப்படிக் காலைக் காட்டுவது' என்று உம்மா தயங்குகிறார். மகனோ 'அம்மா ஒன்றும் சொல்லவில்லையே' என்கிறார். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போகலாம். கிடைக்காதபோது சிகிச்சைக்காக ஆண் மருத்துவரிடம் தேவையான அளவு காட்டுவதை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

புண் சிறியதாக இருக்கும்போதே குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் காட்டலாம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சர்க்கரைப் பாதத்துக்கென்றே நீண்ட அனுபவம் உள்ள எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய் மருத்துவமனை ராயபுரத்தில் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

புண்ணிலிருந்து நாற்றம் வருவது, சுற்றிலும் சிவப்பு பரவுவது, விரல் கறுப்பது, காய்ச்சலோ நடுக்கமோ வருவது, சர்க்கரை திடீரென்று ஏறுவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் முகாம் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மற்றவர்கள் அடுத்த முகாமுக்கு வரும்போது இதுவரை பூசிய கிரீம், களிம்பு, பவுடர் எல்லாவற்றையும், காலி டியூபாக இருந்தாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். வீட்டில் போட்டு நடக்கும் செருப்பையும் எடுத்து வாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, காலில் எங்கே எடை அதிகம் விழுகிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும். எம்.சி.ஆர். செருப்பு வாங்க வசதி இல்லாதவர்கள் மருத்துவர் சீட்டோடு நம் அலுவலகத்தில் சொன்னால் ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.